பதினேழாம் குடுவை

சிலிண்டர் கொண்டுவந்தவர் பெயர் இளையபெருமாள்.
சட்டைப் பட்டையில் பாதிப் பெயருக்குத்தான் இடமிருந்தது.
"என்ன காத்து மேடம் இது, இந்தக் கனம் கனக்குது?"
கரியமில வாயு என்றேன்.
சிரித்துவிட்டார்.
"வேணாம்னு வெளிய விடுறாங்களே, அதா?
அதைப் போயி காசு குடுத்தா வாங்குறீங்க?"

முப்பது கிலோ. கையெழுத்துப் போட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே, கடலுக்கு அந்தப் பக்கம்
ஜூரோங் தீவின் புகைபோக்கி
தன் சிறு தீயை அணையாமல் வைத்திருந்தது,
யாரும் கும்பிடாத விளக்கு.
அங்கிருந்து இங்கே வரக் குழாய் கிடையாது.
லாரிதான்.

இந்தப் பச்சை
ஊபின் தீவுக்கு அருகே மிதக்கும் மீன்பண்ணையில் கிடைத்தது.
வலைக்கயிற்றில் வழுவழுத்துக் கிடந்ததை
ஹுய் லின் பல்துலக்கும் பிரஷால் சுரண்டி எடுத்தாள்.
பண்ணைக்காரருக்கு ஏக சந்தோஷம்,
இன்னும் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துப்போ என்றாராம்.
வேரில்லை, இலையில்லை.
வெளிச்சத்தைத் தின்னும், நீரில் கரைந்த காற்றைத் தின்னும்,
மூன்று மணி நேரத்தில் ஒன்று இரண்டாகும்.
அதற்கு வேறு வேலை இருக்கவில்லை.

நாங்கள் கொடுத்தோம்.
புதினாவின் மரபணு ஒன்றை
அதன் உச்சரிப்புக்கு ஏற்ப எழுத்து மாற்றி
அதன் நீண்ட வாக்கியத்தின் நடுவில் சொருகினோம்:
தின்பதில் ஒரு பங்கை எண்ணெயாக்கித் தா.

ஏழு மாதம் எதுவும் தரவில்லை.
சீனப் புத்தாண்டு கழிந்த வாரம்
கதவைத் திறந்ததும் கோபம் வந்தது எனக்கு:
"யார் லேபில் ஆரஞ்சு உரிச்சது?"
ஃபைரூஸ் வெறும் கைகளை விரித்துக் காட்டினான்.
குப்பைத் தொட்டியில் தோல் இல்லை.
குடுவைகள் தங்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் பதினேழாவது.
மற்றவை வெளிறிச் சோர்ந்திருக்க
அது மட்டும் மழை கண்ட வயலாய்த் தளதளத்தது.
ஒரு நாள் முழுக்கப் பெருமைப்பட்டோம்.
மூடியைத் திறந்தால் வாசனை இல்லை.

படித்துப் பார்த்ததில், ஒரே ஓர் எழுத்து உதிர்ந்திருந்தது.
ஓர் எழுத்து போனதில்
அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் இடம் நகர்ந்து உளறலாகியிருந்தது.
கோடியில் ஒன்றுக்கு நேர்ந்த விபத்து.
எண்ணெய் காய்ச்சாமல் மிஞ்சிய தெம்பில்
அந்த ஒன்று சற்று முந்திப் பிளந்தது,
பிறகும் சற்று முந்தி.
பத்தே நாளில் குடுவையே அதன் குடும்பம்.

துரோகம் என்றான் ஃபைரூஸ்.
வாங்காத கடனுக்கு வட்டி கட்டுவதை நிறுத்திவிட்டது,
இதற்கு என்ன வார்த்தை சொல்லித் திட்டுவது?

விதி இருக்கிறது: நூற்றிருபத்தொரு டிகிரி, நீராவி, இருபது நிமிடம்.
அதற்கு அனுப்புமுன்
ஒரு மில்லியை எடுத்து உறைபெட்டியில் வைத்தேன்.
சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினேன்: மறுத்தது.

இனி முடிச்சு வேறு.
எண்ணெய் சுரந்தால்தான் அது வளர முடியும்,
தப்பினால் சாகும்,
அப்படி ஒரு கண்ணியை ஹுய் லின் பலகையில் வரைந்தாள்.
அழகாக இருந்தது. கைதட்டினேன்.
கிளமெண்டிக்குப் போகும் பஸ்ஸில்
ஏனோ யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒரு வருட விளைச்சல் ஒரு தேக்கரண்டிக்குக் காணாது.
இரவெல்லாம் எரியும் எங்கள் விளக்குகளுக்கான மின்சாரம்
எந்த வாயுவை எரித்து வருகிறது என்று
அறிக்கையில் ஒரு பத்தி உண்டு.
நான்தான் எழுதினேன். சிறிய பத்தி.

நேற்று மறுபடி லாரி.
பிரித்தெடுத்த எண்ணெயைச் சீசாவோடு நீட்டினேன்.
போன சிலிண்டரா இது என்று
நம்பாமல் முகர்ந்தார் இளையபெருமாள்,
இன்னொரு முறை, கண்ணை மூடி.
"நாரத்தை."
ஆரஞ்சு என்றுதான் எல்லோரும் எழுதிவைத்திருந்தோம்.

காலிச் சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போனார்.
புதியது முப்பது கிலோ.
கையெழுத்துப் போட்டேன்.